முதலில் டார்ச், அப்புறம் பேனாக்கத்தி, மல்டி-டூல் வண்டியில்

கேள்வி இது: தினமும் பைக்கில் வேலைக்குப் போய்வருபவர், கையோடு வைத்துக்கொள்ள ஒரு மடக்குக் கத்தி, ஒரு மல்டி-டூல் (குறடு, கத்தி, திருப்புளி எல்லாம் ஒன்றாக மடங்கும் கருவி), ஒரு டார்ச் வாங்க நினைக்கிறார். எந்த மாதிரி வாங்குவது, எப்படிப் பராமரிப்பது, போலீஸ் சோதனையில் சிக்கல் வருமா?

மூன்றையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். டார்ச் தினமும் வேலைக்கு வரும். கத்தி வாரத்தில் நாலைந்து முறை. மல்டி-டூல் மாதத்தில் ஒரு முறை வந்தால் அதிகம். ஆனால் பெரும்பாலானவர்கள் பணம் செலவழிப்பது இதற்குத் தலைகீழான வரிசையில்தான்.

போனிலேயே டார்ச் இருக்கிறதே என்று கேட்கலாம். சாவித் துவாரத்தைத் தேட அது போதும். கரண்ட் போன ராத்திரியில் மெயின் பாக்ஸ் முன்னால் நிற்கும்போதும், மழையில் வண்டியின் செயினைப் பார்க்கும்போதும் போதாது. போனை வாயில் கவ்வ முடியாது, சேற்றில் வைக்க முடியாது, அதே நேரத்தில் அதிலேயே யாருக்காவது பேசவும் வேண்டியிருக்கும்.

டார்ச் வாங்கும்போது அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் லூமன் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். லூமன் என்பது டார்ச்சிலிருந்து மொத்தமாக வெளிவரும் ஒளி. அந்த ஒளி எவ்வளவு குவிந்து போகிறது என்பதைச் சொல்வது கேண்டெலா. எட்டும் தூரத்தைக் கணக்கிட, கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டரில் விடை வரும். 2,500 கேண்டெலா என்றால் 100 மீட்டர், 10,000 என்றால் 200 மீட்டர். இந்தக் கணக்கு, ஒளி 0.25 லக்ஸாகக் குறையும் இடம்வரை எடுத்துக்கொள்கிறது. அது கிட்டத்தட்ட முழுநிலா வெளிச்சம். அந்தத் தூரத்தில் ஏதோ அசைகிறது என்று தெரியும், நாயா ஆடா என்று தெரியாது. பெட்டியில் போட்ட தூரத்தில் பாதியை மட்டும் நம்புங்கள்.

தினசரி உபயோகத்துக்கு அதிகபட்ச வெளிச்சத்தைவிடக் குறைந்தபட்ச வெளிச்சம்தான் முக்கியம். பாதி ராத்திரியில் எழுந்து தண்ணீர் குடிக்க 1 முதல் 5 லூமன் போதும். இருட்டுக்குப் பழகிய கண்ணில் 300 லூமன் பட்டால், மறுபடி பழக 20, 30 நிமிடம் ஆகும். தெருவில் நடக்க 100 லூமன் தாராளம். பட்டனை அழுத்தியதும் எந்த அளவில் எரிகிறது என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள். எடுத்த எடுப்பில் உச்சத்தில் எரிகிற டார்ச்சும், நடுவில் பளிச் பளிச்சென்று மின்னுகிற மோடைத் தாண்டிப் போக வேண்டிய டார்ச்சும் வேண்டாம். ‘1,000 லூமன்’ என்று விற்கும் விரல் நீள டார்ச் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக இறங்கிவிடும். அது கோளாறில்லை. அவ்வளவு சிறிய உடம்பால் அந்தச் சூட்டை வெளியே தள்ள முடியாது, அதனால் உள்ளிருக்கும் சர்க்யூட் குறைத்துவிடுகிறது.

கவனிக்காமல் விடப்படும் இன்னொன்று நிறம். மலிவான எல்இடி நீலம் கலந்த வெள்ளையாக எரியும். அதில் சிவப்பு ஒயரும் பிரவுன் ஒயரும் ஒன்றுபோலத் தெரியும். நிறத்தைச் சரியாகக் காட்டும் திறனுக்கு சிஆர்ஐ என்று ஓர் எண் உண்டு. 90-க்கு மேல் உள்ளதை எடுங்கள். வயல் வரப்பிலும் தோப்பிலும் நடப்பவர்களுக்கும் இது பொருந்தும். சருகில் கிடக்கும் கண்ணாடிவிரியன் சருகின் நிறத்திலேயே இருக்கும், நீல வெளிச்சத்தில் எல்லாம் சாம்பலாகிவிடும். அப்படி நடக்கும்போது டார்ச்சை நெற்றிக்கு நேராக அல்ல, இடுப்புக்குக் கீழே பிடியுங்கள். கண்ணும் வெளிச்சமும் ஒரே கோட்டில் இருந்தால் நிழல் விழாது, தரை தட்டையாகத் தெரியும். தாழ்வாகப் பிடித்தால் தரையில் கிடப்பதெல்லாம் நிழலோடு தெரியும்.

அடுத்தது செல். இரண்டே நல்ல வழிகள். ஒன்று, பென்டார்ச் செல், அதாவது டபுள்-ஏ அளவு. சார்ஜ் செய்யும் நிக்கல் வகை செல்லில் 1.2 வோல்ட், 2,000 மில்லி ஆம்பியர்-மணி. மொத்தம் 2.4 வாட்-மணி. நூறு லூமனில் சுமார் இரண்டு மணி நேரம் எரியும். தீர்ந்தால் பெட்டிக்கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்பது இதன் பெரிய பலம். இரண்டாவது, 18650 என்ற லித்தியம் செல். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், அதிலிருந்துதான் அந்தப் பெயர். 3,000 மில்லி ஆம்பியர்-மணி செல்லில் 10.8 வாட்-மணி இருக்கிறது. அதே நூறு லூமனில் பத்து மணி நேரத்தை எட்டும். பைக்கில் போகிறவருக்கு நான் 18650-ஐத்தான் சொல்வேன். ஊரில் இருக்கும் அப்பாவுக்கு வாங்குவதென்றால் பென்டார்ச் செல் போடுவது.

18650 வாங்கும்போது ‘9,900’ என்று எழுதிய செல்லைத் தொடாதீர்கள். அந்த அளவில் அப்படியொரு செல் கிடையாது. நல்ல கம்பெனி செல்கள் 3,500-ஐ ஒட்டித்தான் நிற்கும். வீட்டுத் தராசிலேயே சோதிக்கலாம். உண்மையான செல் 45 முதல் 50 கிராம் இருக்கும், போலி நன்றாகவே இலேசாக இருக்கும். மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறை கிழிந்திருந்தாலும் உபயோகிக்காதீர்கள். உறைக்கு அடியில் பக்கச்சுவர் முழுக்க மைனஸ், அது பிளஸ் முனையோடு தொட்டால் ஷார்ட் ஆகும். பாக்கெட்டில் சாவி, சில்லறையோடு ஸ்பேர் செல்லைச் சும்மா போட்டு வைப்பதும் இதே ஆபத்துதான். சின்ன பிளாஸ்டிக் டப்பா கிடைக்கிறது, அதில் போடுங்கள். இன்னொரு பொறி 14500. பார்க்க அச்சு அசல் பென்டார்ச் செல்தான், ஆனால் 3.7 வோல்ட். அதற்கென்று எழுதியிராத டார்ச்சிலோ கடிகாரத்திலோ போட்டால் உள்ளே கருகும்.

டார்ச்சில் வரும் கோளாறுகளில் பாதி ஒரே இடத்தில் இருக்கும்: பின் மூடி. மினுக் மினுக்கென்று எரிகிறதா? மூடியைக் கழற்றி, மரையையும் குழாயின் வெறும் உலோக விளிம்பையும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடையுங்கள். கறுப்பாக ஒட்டிக்கொண்டு வரும். அப்படியும் சரியாகாவிட்டால், மூடிக்குள் ஸ்பிரிங்கைச் சுற்றி இரண்டு குழி போட்ட ஒரு வளையம் இருக்கும். அது தளர்ந்திருக்கும். மூக்குக் குறடின் இரண்டு முனையையும் அந்தக் குழிகளில் வைத்து வலஞ்சுழியாக இறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்துக்கு வருடத்தில் இரண்டு முறை சிலிக்கான் கிரீஸ் ஒரு பொட்டு. காய்ந்து வெடித்த வளையத்தோடு, தண்ணீர் புகாது என்பதைக் குறிக்கும் ‘ஐபிஎக்ஸ்8’ எழுதியிருந்து பயனில்லை.

யூஎஸ்பி-சி துவாரம் உள்ள டார்ச் சார்ஜ் ஏறவில்லை என்று திருப்பிக் கொடுப்பவர்கள் நிறைய. பல டார்ச்சுகளில், எதிர்ப்பக்கச் சார்ஜருக்குத் தன்னை அடையாளம் காட்டும் இரண்டு சின்ன ரெசிஸ்டர்களை வைக்காமல் மிச்சம் பிடித்திருப்பார்கள். இரு முனையும் ‘சி’யாக உள்ள ஒயரில் அவை சார்ஜ் ஆகாது. ஒரு முனை பழைய செவ்வக யூஎஸ்பியாக உள்ள ஒயரைப் போட்டால் ஏறும்.

பாக்கெட்டில் டார்ச் தானாக எரிந்துவிட்டால் துணி கருகும், தொடை சுடும். பாக்கெட்டில் போடும் முன் பின் மூடியைக் கால் சுற்று தளர்த்திவிடுங்கள். மரையில் கறுப்புப் பூச்சு இருந்தால் அந்தக் கால் சுற்றிலேயே இணைப்பு அறுந்துவிடும். மரை வெள்ளையாகப் பளபளத்தால் இந்த வித்தை பலிக்காது.

இனி கத்தி. தினசரி வேலை என்பது என்ன? பார்சல் டேப், சணல், பால் பாக்கெட், பழம், மாத்திரை அட்டை, பிளாஸ்டிக் டேக். இதற்கு ஆறு சென்டிமீட்டர் அலகு போதும், அதுவும் மெல்லிய அலகு. தடித்த முதுகும் கறுப்புப் பெயின்ட்டும் உள்ள ‘டாக்டிகல்’ கத்திகள் ஆப்பிளை நறுக்காது, பிளக்கும்.

இந்த இடத்தில் விக்டோரினாக்ஸைத் தாண்டிப் போவது கஷ்டம். ஸ்விட்சர்லாந்தின் இபாக் ஊரில் கார்ல் எல்செனர் 1884-ல் தொடங்கிய பட்டறை, 1897-ல் பதிவு செய்த ஆபீசர் கத்தி. அதன் அடிப்படை அமைப்பு இன்றும் அதுவே. சாவிக்கொத்துக்கு 58 மில்லிமீட்டர் கிளாசிக் எஸ்டி: அலகு, கத்தரி, நகராவி. சட்டைப் பாக்கெட்டுக்கு 84 மில்லிமீட்டர் கேடட், அலுமினியக் கைப்பிடி, 50 கிராமுக்குள். பைக் வைத்திருப்பவருக்கு 91 மில்லிமீட்டர் டிங்கர், அதில் நட்சத்திரத் திருப்புளி உண்டு. இருபது கருவி உள்ள தடிமனான மாதிரி கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அழகு. பாக்கெட்டில் அது செங்கல்.

இந்தக் கத்திகளில் லாக் கிடையாது. ஸ்பிரிங்கின் அழுத்தத்தில்தான் அலகு நிற்கிறது. வெட்டும்போது இது பிரச்சினையே இல்லை, வெட்டும் விசை அலகைத் திறந்த நிலைக்கே தள்ளும். குத்தும்போதுதான் விரலில் மடங்கும். பெல்ட்டில் ஓட்டை போட அலகு முனையை வைத்து அழுத்துவதுதான் பேனாக்கத்தி விபத்துகளின் தாய். அதற்கு டிங்கரில் முதுகுப்பக்கம் குத்தூசி இருக்கிறது. அதையும் அழுத்தாமல் சுழற்றுங்கள். லாக் உள்ள கத்தி வேண்டுமென்றால் பிரெஞ்சு ஓபினல் எண் 8 நல்லது. மரக் கைப்பிடி, கழுத்தில் திருகும் வளையம். ஐப்பசி மழையில் அந்த மரம் ஊதி அலகை இறுகப் பிடித்துக்கொள்ளும். நகத்தால் இழுத்து நகத்தை உடைக்காதீர்கள், வளையத்தைத் திறந்த நிலையில் வைத்து, கைப்பிடியின் அடிமுனையை மேஜையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு மேலே எழும்பும். ஓபினல் பிறந்த சவாய் மலைக்காரர்கள் அப்படித்தான் திறக்கிறார்கள். அதே ஓபினலில் கார்பன் ஸ்டீல் அலகு கடற்கரை ஊர்களுக்கு ஆகாது. இனாக்ஸ், அதாவது ஸ்டெயின்லெஸ், என்று எழுதியதை வாங்குங்கள். டி2 என்ற ஸ்டீலையும் இணையக் கடைகளில் ஆகா ஓகோ என்பார்கள். கூர் நீண்ட நாள் நிற்பது உண்மைதான், ஆனால் அது முழு ஸ்டெயின்லெஸ் இல்லை. மாங்காய் நறுக்கி அப்படியே மடக்கி வைத்தால் காலையில் புள்ளி புள்ளியாகத் துரு.

கூர் பிடிப்பதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கத்தி கெட்டுப்போவது அங்கேதான். தெருவில் வரும் சாணைக்காரரிடம் அரிவாள்மனையைக் கொடுக்கலாம், பேனாக்கத்தியைக் கொடுக்காதீர்கள். தண்ணீர் இல்லாத வேகச் சக்கரத்தில் மெல்லிய அலகின் நுனி ஒரு நொடியில் சுட்டுவிடும். விளிம்பில் நீலம் ஓடிவிட்டால் அந்த இடத்தின் கடினம் போயிற்று, எத்தனை முறை தீட்டினாலும் இரண்டு நாளில் மழுங்கும்.

வீட்டில் 1,000 கிரிட் (கல்லின் சொரசொரப்பைச் சொல்லும் எண்) கல் ஒன்று போதும். பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவிட்டு, ஈரத்துணிமேல் நகராமல் வையுங்கள். அலகின் விளிம்பு நெடுக, இரண்டு பக்கமும் மார்க்கர் பேனாவால் கோடு போடுங்கள். அலகைக் கல்லில் சாய்த்து வைத்து இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை விளிம்பு நுனியில் அழிந்திருந்தால் கோணம் சரி. மேல்பக்கம் மட்டும் அழிந்திருந்தால் முதுகை இன்னும் தூக்க வேண்டும். அலகின் அகலம் 12 மில்லிமீட்டர் என்றால், முதுகு கல்லிலிருந்து 4 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தால் 20 டிகிரி. ஒரே பக்கத்தில், அடியிலிருந்து முனைவரை பிசிறு எழும்வரை தேயுங்கள். எதிர்ப்பக்கத்தில் விரல் நுனியை முதுகிலிருந்து விளிம்பை நோக்கி வெளியே தடவினால் அந்தப் பிசிறு சொரசொரவென்று தட்டுப்படும். விளிம்பின் நீளவாக்கில் தடவாதீர்கள், அறுக்கும். பிசிறு எழாமலே பக்கத்தை மாற்றுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. அரை மணி நேரம் தேய்த்தும் கூர் வரவில்லை என்பார்கள், இரண்டு பக்கமும் நுனியில் சந்திக்கவே இல்லை என்பதுதான் காரணம். பிசிறு வந்ததும் மறுபக்கம் அதே அளவு. பிறகு ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே பத்து இழுப்பு. கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உட்பக்கத்தில், விளிம்பு பின்னால் வரும்படி இருபது முறை தடவினால் மிச்சப் பிசிறும் போய்விடும். பழுத்த தக்காளியின் தோலை அழுத்தாமலே அறுத்தால் வேலை முடிந்தது. இடையில் லேசாக மழுங்கினால் கல்லை எடுக்க வேண்டியதில்லை. பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மினுமினுப்பு இல்லாத ஒரு வளையம் இருக்கும், அதில் பக்கத்துக்கு ஐந்து இழுப்பு.

சுத்தம் செய்ய வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு. தண்ணீருக்குள்ளேயே எல்லாக் கருவியையும் நாலு முறை திறந்து மூடுங்கள். பாக்கெட் பஞ்சு உருண்டையாக வெளியே வரும், வராததைப் பல்குத்தும் குச்சியால் எடுங்கள். கைப்பிடிக்குள் இருக்கும் உலோகத் தகடு அலகைத் தாங்கிப் பிடிக்கும் லைனர் லாக் கத்திகளில் இந்தப் பஞ்சு லாக்குக்குப் பின்னால் சேர்ந்தால் லாக் முழுதாக ஏறாது, ஏறியதுபோல் தெரியும். நன்றாக உலர்த்தி மூட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய். நல்லெண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசுபிசுத்து இறுகும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின்தான் சிறந்தது, பழம் நறுக்கும் கத்திக்கும் பயமில்லை. தையல் மிஷின் எண்ணெய் மூட்டுக்கு நல்லது, ஆனால் அலகில் பட்டதைத் துடைத்துவிடுங்கள். பலாச்சுளை எடுப்பதற்கு முன் மட்டும் தேங்காய் எண்ணெயை அலகில் தாராளமாகத் தடவுங்கள். பால் ஒட்டிய பிறகு தடவினால் பாடு அதிகம்.

மல்டி-டூலுக்கு வருவோம். அதன் உயிர் குறடு, மற்றதெல்லாம் உபரி. டிம் லெதர்மேன் அமெரிக்காவின் போர்ட்லேண்டில் 1983-ல் கம்பெனி தொடங்கியது மடக்கும் குறடை விற்கத்தான். அவர்களின் வேவ் பிளஸ் 241 கிராம். சட்டைப் பாக்கெட்டில் போட்டால் சட்டை ஒரு பக்கம் தொங்கும், வேட்டி மடியில் செருகினால் நடையே மாறிவிடும். அதனால்தான் அது வண்டியின் சீட்டுக்கடியில் அல்லது பையில் இருக்க வேண்டியது. வேவ் பிளஸ்ஸில் ஒயர் வெட்டும் பகுதியைக் கழற்றி மாற்றலாம், நம் ஊர் உபயோகத்துக்கு அதுதான் வாங்கத் தகுந்த காரணம். ஆணியையும் ஸ்பிரிங் கம்பியையும் வெட்டி அந்த இடத்தில் பல் விழாத மல்டி-டூல் அபூர்வம்.

இரண்டு எச்சரிக்கைகள். மல்டி-டூலின் கைப்பிடி வெறும் உலோகம். வீட்டு கரண்ட் 230 வோல்ட். மெயினை அணைத்து, டெஸ்டரால் பார்த்த பிறகுதான் சுவிட்ச் பாக்ஸைத் தொட வேண்டும். டெஸ்டரின் இடத்தை மல்டி-டூல் ஒருநாளும் பிடிக்காது. இரண்டாவது, நட்டைக் குறடால் திருகாதீர்கள், வழுக்கி ஆறு மூலையும் உருண்டுவிடும். அப்புறம் மெக்கானிக்கின் ஸ்பேனரும் பிடிக்காது. ஜப்பானிய டிசைனில் வந்த பைக்குகளின் நட்சத்திர ஸ்க்ரூக்கள் ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர வகை. சாதாரண பிலிப்ஸ் முனை அவற்றில் முழுதாக இறங்காமல் மேலேறித் தலையைச் சிதைக்கும். வண்டியோடு கொடுத்த திருப்புளியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

இனி சட்டம். இந்தியாவில் 1959-ன் ஆயுதச் சட்டமும் அதன்கீழ் உள்ள விதிகளும் கத்தியைப் பொறுத்தவரை பார்ப்பது அளவையும் நோக்கத்தையும்: அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் இருந்தால் அது ஆயுதக் கணக்கில் வரும். வீடு, விவசாயம், அறிவியல், தொழில் இவற்றுக்காகச் செய்யப்பட்டவை இதில் சேராது. ஆறு சென்டிமீட்டர் பேனாக்கத்தி இந்த வரம்புக்குப் பக்கத்திலேயே வரவில்லை. ஆனால் அரசு ஒரு பகுதிக்குத் தனி அறிவிக்கை போடலாம். டெல்லியில் அப்படி 1980-ல் போட்ட அறிவிக்கையின் வரம்பு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும்தான். தேர்தல், கலவரம், ஊர்வலம் என்று தடையுத்தரவு இருக்கும் நாட்களில், முன்பு 144 என்று சொன்ன, இப்போது புதிய சட்டத்தில் 163-ஆக இருக்கும் பிரிவின்கீழ், எந்தக் கத்தியும் கேள்விக்குரியதே. அந்த நாட்களில் வீட்டில் வைத்துவிடுங்கள்.

பட்டனைத் தட்டினால் பாயும் கத்தி, வண்ணத்துப்பூச்சிக் கத்தி இவற்றை வாங்கவே வேண்டாம். பழம் நறுக்க யாரும் அதை வைத்திருப்பதில்லை என்று போலீசுக்கும் தெரியும். இடுப்பில் உறையோடு வெளியே தெரியும்படி தொங்கவிடுவதும் வீண் வம்பு. சோதனையில் கேட்டால் எதற்கு என்று உள்ளபடி சொல்லுங்கள்: பார்சல் பிரிக்க, பழம் வெட்ட. ‘தற்காப்புக்கு’ என்ற வார்த்தையை எடுத்தால், கருவியை நீங்களே ஆயுதமாக்கிவிட்டீர்கள். தற்காப்புக்கு அது உதவவும் உதவாது. வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். லண்டன் தமிழர்களுக்கு: 3 அங்குலத்துக்கு மிகாத, லாக் இல்லாத மடக்குக் கத்தி மட்டும்தான் காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம். ஓபினலுக்கு வளையம் இருப்பதால் அது அந்தக் கணக்கில் வராது.

ஆபீசில் யாராவது கத்தியைக் கேட்டால், மடக்கி மேஜைமேல் வையுங்கள், அவர் எடுத்துக்கொள்ளட்டும். கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். சண்டை வருமோ என்னவோ, திறந்த அலகைக் கைமாற்றும்போது யாராவது ஒருவர் விரல் கிழியும்.

இந்தியாவில் விமானம் ஏறும்போது கேபின் பைக்குள் கத்தியும் மல்டி-டூலும் கூடாது. சாவிக்கொத்தில் தொங்கும் கிளாசிக்தான் மறந்துபோய் அதிகம் பறிபோவது. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே கழற்றி, செக்-இன் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். ஸ்பேர் லித்தியம் செல்லுக்கு நேரெதிர் விதி: அது செக்-இன்னில் கூடாது, கேபின் பையில்தான் இருக்க வேண்டும், முனைகளில் டேப் ஒட்டி அல்லது டப்பாவில் போட்டு. வரம்பு 100 வாட்-மணி, உங்கள் 18650 அதில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்குதான்.